வழியில் வண்டி தீப்பிடித்தால் சட்டப்படி என்ன கிடைக்கும்?

ஓடிக்கொண்டிருந்த வண்டி எதிலும் மோதாமல் தானாகத் தீப்பிடித்து எரிகிறது. சட்டப்படி இது சாலை விபத்தா? பலரும் இல்லை என்றே நினைக்கிறார்கள். அதனால் போலீஸுக்கும் சொல்வதில்லை, கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்பதும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் கேள்வி வேறு: வாகனத்தைப் பயன்படுத்தியதால் விளைந்ததா? 1987 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் சத்தாரா மாவட்டத்தில் ஒரு பெட்ரோல் டேங்கர், இன்னொரு லாரியோடு மோதி நெடுஞ்சாலையோரம் கவிழ்ந்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து, கசிந்த பெட்ரோலில் தீப்பற்றி வெடித்தது. அங்கே கூடியிருந்தவர்களில் 46 பேர் இறந்தார்கள். வண்டி அப்போது ஓடவே இல்லையே என்ற வாதம் எடுபடவில்லை. கவிழ்ந்து கிடந்தாலும் அது பயன்பாட்டில் இருந்த வாகனம்தான், தீயும் வாகன விபத்துதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீழே சொல்லும் உரிமைகளில் பெரும்பாலானவை இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

முதலில் சிகிச்சை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, இதற்கெனக் குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தேசிய நெடுஞ்சாலைதான் என்றில்லை, எந்தச் சாலையாக இருந்தாலும் சரி. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு.

ஆனால் மலைப்பாதையிலோ காட்டுச் சாலையிலோ மாட்டிக்கொண்டவருக்கு இதைவிட முக்கியமான வரி ஒன்று அந்தத் திட்டத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையும் காயமடைந்தவரின் உயிர்நிலையைச் சீராக்கும் வரையிலான சிகிச்சையைத் தரலாம், அதற்கான செலவும் திட்டத்தில் அடங்கும். பட்டியலில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி 70 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அதைத் தேடி நேராக ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல. தீக்காயம் பட்டவரை அருகில் இருக்கும் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அப்புறம் மாற்றலாம். முதல் ஒரு மணி நேரத்தைத்தான் சட்டமே 'கோல்டன் ஹவர்' என்கிறது. ஒதுக்குப்புறச் சாலைகளில் அந்த ஒரு மணி நேரம் தூரத்திலேயே கரைந்துவிடும். திட்டத்தின் பலவீனம் என்று நான் நினைப்பது இதைத்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது. முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். வெளி மாநிலத்தவருக்கும் உண்டு.

அழைக்க வேண்டிய எண் 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் கிடைத்தால் அவசர அழைப்பு அதன் வழியாகப் போகும். ஆகவே 'நோ சர்வீஸ்' என்று திரையில் தெரிந்தாலும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. ஆம்புலன்ஸ், கிரேன், ரோந்து வாகனம் எல்லாம் அந்த வழியில் வரும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். 'காட்டுக்குள்ளே, ரெண்டு வளைவு தாண்டி' என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள ஊர்ப்பெயரையும் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள். அதுவரை கடைசியாகக் கடந்த கல் எது என்பதைப் போகிறபோதே கவனித்துக்கொண்டு போவது நல்ல பழக்கம்.

இதற்கெல்லாம் முன்னால் வண்டியை விட்டு வெளியே வர வேண்டுமே. பிளாஸ்டிக் கருகும் வாசனையோ பானெட் ஓரத்தில் புகையோ தெரிந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் காற்று வரும் திசைப் பக்கமாக குறைந்தது 30 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ ஒரே மூச்சில் எழும்பும். தீயணைப்பானை டிக்கியில் வைப்பதில் அர்த்தமில்லை, ஓட்டுநர் இருக்கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் பேப்பர் உள்ளே இருக்கிறதே என்று திரும்பி ஓட வேண்டாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் உள்ள பிரதி சட்டப்படி செல்லும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. நெடுந்தூரப் பேருந்துகளிலும் பள்ளிப் பேருந்துகளிலும் பயணிகள் பகுதியில் தீ எச்சரிக்கையும் தடுப்பு அமைப்பும் வேண்டும் என்று 2022 ஜனவரியில் விதி வந்தது. பேருந்துக் கூடு விதிகளின்படி அவசர வழியும் வேண்டும். 2025 அக்டோபரில் ஜெய்சல்மேர் அருகே ஒரு பஸ் எரிந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மாதம் கர்னூல் அருகே ஒரு ஆம்னி பஸ் எரிந்து 19 பயணிகள் பலியானார்கள். ஆகவே ஏறியதும் அவசரக் கதவு எங்கே, அதை மறித்து மூட்டை அடுக்கியிருக்கிறார்களா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தியலை நடுவில் அடிக்காமல் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். கதவை மூட்டை மறித்திருந்தால் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தயங்கவே கூடாது.

உதவப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தின் 134ஏ பிரிவின்படி, காயம்பட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு போட முடியாது. பெயர், முகவரியைச் சொல் என்று போலீஸோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. மோசமாகக் காயம்பட்டவரைக் கோல்டன் ஹவருக்குள் மருத்துவமனையில் சேர்த்தவருக்கான பரிசுத் தொகை 2025-ல் 5,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

பணத்துக்கு வருவோம். விபத்தில் இறந்தால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம் ரூபாய். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் வண்டி உரிமையாளரோ இன்சூரன்ஸ் நிறுவனமோ தர வேண்டும் என்கிறது 164-ம் பிரிவு. சத்தாரா வழக்கும் இதற்கு முந்தைய வடிவமான பிரிவின் கீழ் வந்ததுதான். வண்டியை ஓட்டிய உரிமையாளருக்கு இது பொருந்தாது. அவருக்குக் கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய். எரிந்த வண்டிக்கோ, தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் ஒன்றும் வராது. சொந்தச் சேதமும் அடங்கிய பாலிசியில் தீ, வெடிப்பு, தானாகப் பற்றுதல் எல்லாம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் ஆர்.சி.யில் ஏற்றாத சி.என்.ஜி. கிட், கடையில் போட்டுக்கொண்ட கூடுதல் விளக்கு வயரிங் போன்றவற்றைக் காட்டி நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் போலீஸ் பதிவு. ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்; விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 'தானா எரிஞ்சுது, கேஸ் எதுக்கு' என்று ஸ்டேஷனில் சொன்னாலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தீயணைப்பு நிலைய அறிக்கையும் வேண்டும். இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. வண்டி முழுக்க எரிந்து போனால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யச் சொல்ல வேண்டும், எரிந்தது ஆர்.சி. மட்டும் என்றால் நகல் கேட்க படிவம் 26.