லேஅவுட்டில் பிள்ளைகள் விளையாட விட்ட இடம்: அதை எப்படிக் கேட்டு வாங்குவது

மனை பிரித்து விற்கிறவர்கள் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் மதுரையைச் சுற்றிப் பல காலனிகளில் பிள்ளைகள் மணல் லாரி ஓடுகிற ரோட்டில்தான் சைக்கிள் பழகுகிறார்கள். அவர்களுக்கென்று விட்ட இடத்தில் யாரோ கம்பி வேலி போட்டிருப்பார்கள், இல்லையென்றால் குப்பை வண்டி நிற்கும். கேட்கப் போகிற பெற்றோரை ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்டு ஓயவைத்து விடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துத்தான் எழுதுகிறேன்.

விதி இவ்வளவுதான். 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் (சுமார் 2 ஏக்கர் 47 சென்ட்) மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீத இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும். ஆபீஸில் இதை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்பார்கள்.

முதல் கண்ணி இந்த அளவில்தான் இருக்கிறது. 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை, இடமே விட வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 வரை இடம் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் (பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில விலை) பணமாகக் கட்டிவிடலாம். பணம் கட்டியிருந்தால் உங்கள் காலனியில் பூங்கா கிடையாது, விளம்பரத் தாளில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் வரைந்திருந்தாலும் கிடையாது. அதனால் புரோக்கர் கொடுத்த கலர் தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போகாதீர்கள், அது செல்லாது. நகர் ஊரமைப்பு அலுவலகம் கையெழுத்துப் போட்ட அங்கீகார வரைபடம்தான் உங்கள் ஆயுதம்.

வரைபடத்தில் பூங்கா என்று இருந்தால் மட்டும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. தானப் பத்திரம் பதிவானதா, பதிவான பிறகு பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறியதா என்ற இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறார்கள். பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவர் வாரிசுகள் அதே பட்டாவைக் காட்டி அந்த இடத்தை மனையாக விற்பார்கள். வாங்கினவர் காம்பவுண்டு எழுப்பினதும், அதுவரை அங்கே கில்லி ஆடின பிள்ளைகளைத் துரத்துவார்கள். சண்டை வாங்கினவருக்கும் தெருக்காரர்களுக்கும் நடக்கும், பட்டா மாற்றாமல் விட்ட அலுவலரை யாரும் கேட்பதில்லை.

இதை நீங்களே வீட்டிலிருந்து பார்க்கலாம். தமிழக அரசின் இணைய சேவையில் சர்வே எண் போட்டால் பட்டா தெரியும். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: மனை பிரித்த பிறகு உட்பிரிவு எண் மாறியிருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடுங்கள், ஒன்றில் மட்டும் தேடிவிட்டுப் பத்திரமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மதுரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்து வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. அதற்கு முன் போட்ட மனைப்பிரிவுக்குத் தானப் பத்திரம் பழைய உள்ளாட்சி பெயரில்தான் இருக்கும். மண்டல அலுவலகத்தில் “எங்க லிஸ்ட்ல இல்லையே” என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். பழைய உள்ளாட்சியின் சொத்தும் பொறுப்பும் மாநகராட்சிக்குத்தான் வந்தது, பதிவேட்டைத் தேடி எடுப்பது அவர்கள் வேலை.

வாய்ப் பேச்சில் ஒன்றும் நடக்காது. மண்டலத்தில் திட்டப் பிரிவுக்குப் போ என்பார்கள், அங்கே தாலுகா ஆபீஸுக்குப் போ என்பார்கள், தாலுகாவில் சர்வேயர் லீவு என்பார்கள். எதற்கும் முன்னால் ஒரு தகவல் உரிமை மனு போட்டுவிடுங்கள். வெள்ளைத் தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, அவ்வளவுதான். ஏன் பூங்கா கட்டவில்லை என்று அதில் கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். அங்கீகார வரைபடத்தின் நகல், தானப் பத்திர எண்ணும் தேதியும், சொத்துப் பதிவேட்டில் அந்த இடம் இருக்கும் பக்கத்தின் நகல் என்று பேப்பராகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம்.

அந்த நகல்களை இணைத்து மாநகராட்சி ஆணையருக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மனுவை முடித்துவிட்டு வேலி அப்படியே இருந்தால், அந்தப் பதிலையும் அன்றைய போட்டோவையும் வைத்து மறுபடி கொடுங்கள். சங்கம் இருந்தால்தான் மனு வாங்குவோம் என்று சொன்னால் நம்ப வேண்டாம், தனி ஆளாகவே கொடுக்கலாம். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி, கோயில், செல்போன் கோபுரம் என்று வரும்போது நல்ல காரியம்தானே என்று தெருவே அமைதியாகிவிடுகிறது. அங்கேதான் பிள்ளைகள் தோற்கிறார்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு காரியத்துக்கு மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே பெங்களூரு வழக்கில் சொல்லிவிட்டது, அங்கே வர இருந்தது ஒரு மருத்துவமனை. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று, குடியிருப்போர் சங்கம் பூங்காவைப் பூட்டி வைத்து, பின் தெருப் பிள்ளைகளை உள்ளே விடாமல் இருப்பது. தானமாகக் கொடுத்த இடம் பொது இடம், சங்கம் அதைப் பராமரிக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. உள்சாலைகளும் அப்படித்தான், அவையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தவை. அங்கே சைக்கிள் ஓட்டுகிற பிள்ளையை நீ எந்தத் தெரு என்று கேட்டு விரட்ட ஒருவருக்கும் உரிமை இல்லை.

எதிலும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். வக்கீலுக்குப் பணம் இல்லையென்று விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். அதனால் முதல் மனுவிலிருந்தே அம்மாவின் பெயரில் போடுவது நல்லது. அந்தக் கட்டுக் கட்டான ஒப்புகைகளும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.