எதைப் படிப்பது என்று மாணவருக்கு எப்படித் தெரிகிறது?

பாடம் முடிந்ததும் ஆசிரியர் கேட்கிறார், "புரிஞ்சுதா?" வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது, "புரிஞ்சுது டீச்சர்!" அந்தப் பதிலில் பொய் இல்லை. கணக்கு கரும்பலகையில் அப்படியே இருக்கிறது, விளக்கம் இன்னும் காதில் இருக்கிறது, எல்லாருக்கும் உண்மையிலேயே புரிந்த மாதிரிதான் தோன்றுகிறது. அதே கணக்கை மறுநாள் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். பலர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மாணவர்கள் தங்கள் படிப்பைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டும் என்று இப்போது பரவலாகப் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் எதை இன்னும் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்க, தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதைக் காட்டும் ஒரு முள் ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் இருக்கிறது. பெட்ரோல் முள் ரிப்பேரான வண்டியில், எப்போது பங்க்குக்குப் போவது என்ற முடிவை ஓட்டுபவரிடம் விட்டால் என்ன ஆகும்? வகுப்பறைச் செயல்பாடுகளின் முதல் வேலை இந்த முள்ளைச் சரிசெய்வதுதான் என்பது என் கருத்து. கலகலப்பு, விளையாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த முள் எவ்வளவு தப்பாகக் காட்டும் என்பதை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனை காட்டியது. ஒரு பிரிவு மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, அப்புறம் மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு முறை படித்தவர்களே. படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போகின்றன. பழகிய உணர்வையே தெரிந்துவிட்டதாக மனசு கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இந்த முள்ளைத் திருத்த முடியுமா? முடியும், அதுவும் மிக எளிதாக. தாமஸ் நெல்சனும் ஜான் டன்லோஸ்கியும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், சொல் ஜோடிகளை மனப்பாடம் செய்தவர்களிடம் "இது பிறகு உங்களுக்கு நினைவுக்கு வருமா?" என்று கேட்டார்கள். சில ஜோடிகளுக்குப் படித்த உடனே கேட்டார்கள், சிலவற்றுக்குக் கொஞ்ச நேரம் தள்ளிக் கேட்டார்கள். கணிப்பும் உண்மையான நினைவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளந்தார்கள். முழுதும் ஒத்துப்போனால் 1 என்று வரும் அந்த அளவுகோலில், உடனே சொன்ன கணிப்புக்குக் கிடைத்தது 0.38. தாமதமாகச் சொன்னதற்கு 0.90. சில நிமிட இடைவெளி மட்டும் போதவில்லை என்பதும் அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. விடை, அதாவது ஜோடியின் இரண்டாவது சொல், கண் முன்னே இருந்தால் அந்தத் துல்லியம் போய்விடுகிறது. கேள்வி மட்டும் தெரிய, விடையை மனசுக்குள் தேடிப் பார்க்கும்போதுதான் முள் ஒழுங்காக நகர்கிறது.

இதிலிருந்து வகுப்புக்கு நேராக ஒரு வழி கிடைக்கிறது. புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நேற்று நடத்தியதில் நினைவில் இருப்பதை 3 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது நிறம் எங்கெல்லாம் கூடுதலாக இருக்கிறதோ, மாணவர் அடுத்து உட்கார வேண்டிய இடம் அது. இதற்கு மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள், முள் மறுபடியும் கெட்டுப்போகும்.

சேர்ந்து செய்யும் செயல்பாடுகளும் இதே வேலையை வேறு விதமாகச் செய்கின்றன. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒரு முறையைப் பின்பற்றினார். கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒரு விடைக்கு வாக்களிக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், அதன் பிறகு மறு வாக்கெடுப்பு. இதை ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கிலும் செய்யலாம். "1/3 பெரியதா, 1/4 பெரியதா?" நெஞ்சருகே விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், முதலாவது என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு. நெஞ்சருகே என்பது முக்கியம், இல்லாவிட்டால் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண்ணின் விரலைப் பார்த்து எல்லாரும் மாற்றிக்கொள்வார்கள். இரண்டு விரல் காட்டும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள், 3-ஐவிட 4 பெரியது அல்லவா! இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்ல வேண்டும். "ஒரு தோசையை மூணு பேருக்குப் பிச்சுக் குடுத்தா பெருசா கிடைக்குமா, நாலு பேருக்குக் குடுத்தா பெருசா கிடைக்குமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, எதிரில் இருக்கும் பிள்ளைக்குத் தன் காரணம் எங்கே நிற்காமல் போகிறது என்று தெரிகிறது. தவறு வெளியே வந்தது யாருடைய கண்டிப்பாலும் இல்லை. தன் விடைக்குக் காரணம் சொல்ல முயன்றதால் வந்தது.

இந்தக் கேள்வியோடு "எவ்வளவு உறுதி?" என்பதையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் ஒரு பலன் உண்டு. உறுதியாக நம்பிச் சொன்ன தவறுகள்தான் திருத்தக் கடினமானவை என்று தோன்றும். பிரேடி பட்டர்ஃபீல்டும் ஜேனட் மெட்காஃபும் 2001-ல் இதற்கு எதிரானதைக் கண்டார்கள். சரியான விடையை உடனே சொல்லிவிட்டால், அதிக உறுதியோடு சொன்ன தவறுகளே அதிகமாகத் திருந்துகின்றன. எதிர்பாராத அதிர்ச்சி கவனத்தைக் கூட்டுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆக, தப்பாகவும் உறுதியாகவும் சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் வகுப்பு, கற்றலுக்கு மிகச் சாதகமான ஒரு நொடியைக் கெடுத்துவிடுகிறது.

சரி, மாணவரே தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். தேர்ந்தெடுக்க விட்டாலே ஆர்வம் கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டயானா கார்டோவாவும் மார்க் லெப்பரும் 1996-ல் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணினிக் கணக்கு விளையாட்டு கொடுத்தார்கள். விண்கலத்துக்குப் பெயர் வைப்பது போன்ற, கணக்கோடு சம்பந்தமே இல்லாத சின்னச் சின்னத் தேர்வுகளைச் சிலருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கூடுதல் ஈடுபாட்டோடு விளையாடினார்கள், கணக்கையும் கூடுதலாகக் கற்றார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நேட் கோர்னெலும் ராபர்ட் பியோர்க்கும் 2008-ல் கல்லூரி மாணவர்களுக்குச் சொல் அட்டைகள் கொடுத்து, தெரிந்துவிட்டது என்று தோன்றும் அட்டைகளை ஒதுக்கிவிடலாம் என்றார்கள். நேரம் மிச்சமாகும், பலன் கூடும் என்றுதானே நினைப்போம்? ஒதுக்க அனுமதி இல்லாதவர்களைவிட இவர்கள் கொஞ்சம் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டார்கள். ஆர்வத்தைத் தருவது தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். அதைச் சரியான இடத்தில் செலவழிக்க வைப்பது அந்த முள்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிய ஒரு பெரிய முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது. செயல்வழிக் கற்றலைச் சொல்கிறேன். அதன் வேர் ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி பள்ளத்தாக்கு கிராமியக் கல்வி மையத்தில் இருக்கிறது. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புப் பிள்ளைகள் என்ற கிராமப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கிய அட்டை முறை அது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். பின்னர் 2007-08-ல் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை வந்தது.

அந்த வகுப்பறையை நேரில் பார்த்தவர்களுக்குச் சுவரில் தொங்கும் ஏணிப் படம் நினைவிருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம், ஓர் எண். பிள்ளை தான் எங்கே நிற்கிறோம் என்று ஏணியில் பார்க்கிறது, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுக்கிறது, அந்த அட்டை எந்தக் குழுவுக்குரியதோ அந்தப் பாயில் போய் உட்காருகிறது. ஒரு பாயில் ஆசிரியர் கூட இருப்பார், ஒன்றில் நண்பர்கள் உதவுவார்கள், இன்னொன்றில் தனியாகச் செய்ய வேண்டும். படிக்கட்டின் வரிசையில் அறிமுகம், பயிற்சி என்று போய் மதிப்பீட்டு அட்டை வரும். அதைப் பிள்ளையால் சரியாகச் செய்ய முடியவில்லையென்றால் குறைதீர் அட்டைகள் காத்திருக்கும். எழுதிப் பார்க்க, எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைப் பகுதி. பத்து நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், வகுப்பு ஓடிப்போய்விட்டதே என்று திகைக்க வேண்டியதில்லை. விட்ட படியிலிருந்தே தொடங்கும். கூலி வேலைக்குப் பெற்றோர் ஊர் ஊராகப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் இதில் பிள்ளைக்குக் கிடைத்த சுதந்திரம் வேகத்தில்தான், பாதையில் இல்லை. அடுத்து என்ன என்பதை ஏணியே சொல்லிவிடும். இதை ஒரு குறையாகச் சிலர் சொன்னதுண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதுதான் சரியான அளவு என்று நான் நினைக்கிறேன். முள் இன்னும் பழகாத வயதில், அதை ஏணி வடிவில் சுவரில் மாட்டிக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஏற்பாடு கெட்டுப்போகக்கூடிய இடமும் இங்கேயே இருக்கிறது. மதிப்பீட்டு அட்டையை ஆசிரியர் சரியாகப் பார்க்க நேரமில்லாமல் போனாலோ, பிள்ளை பக்கத்திலிருந்து எழுதிவிட்டாலோ, ஏணியில் படி மட்டும் ஏறும். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும், வயதைவிட நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்ததற்கு இதே அடிப்படைதான். அங்கேயும் எல்லாமே மதிப்பீடு எவ்வளவு நேர்மையாக நடக்கிறது என்பதில் இருக்கிறது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வரும்போது ஏணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். பாடத்தின் உட்தலைப்புகளை நோட்டில் இடப்பக்கம் வரிசையாக எழுதச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே "புத்தகம் பார்க்காமல் என்னால் விளக்க முடியும்" என்பதற்கு 1 முதல் 5 வரை ஒரு எண். ஒரு நாள் கழித்து, அதே தலைப்புகளில் புத்தகம் மூடி எழுதிப் பார்த்து, கிடைத்த எண்ணைப் பக்கத்தில் எழுத வேண்டும். 5 என்று நினைத்து 2 வந்த வரியைச் சுற்றி வட்டம். அந்த வார மறுபார்வை வகுப்பில் என்ன செய்வது என்பதை மாணவரே அந்த வட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்: கணக்குப் போடுவதா, நண்பருக்கு விளக்குவதா, புதுக் கேள்வி தயாரிப்பதா என்று மூன்றே வழிகள் போதும். ஏன் இதை எடுத்தாய் என்று மட்டும் ஆசிரியர் கேட்க வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எல்லாரையும் தினம் கேட்க முடியாது, ஒரு நாளைக்கு ஆறேழு பேர் என்று சுற்றில் விடலாம். ஒரே தலைப்பில் முப்பது வட்டம் விழுந்திருந்தால் அதைப் பிள்ளைகளின் தேர்வுக்கு விடாமல், ஆசிரியரே வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டியதுதான்.