கம்பட்டப் பிழையும் பின்னூறும்

கொழும்பில் பழைய காசு சேர்ப்போரிடையே அடிக்கடி கேட்கும் சொல் ‘எரர் கொயின்’. ஓரம் நசுங்கிய ஐந்து ரூபாய், எழுத்து இரட்டையாகத் தெரியும் இரண்டு ரூபாய், நிறம் மாறிய சதம் என வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும் நாணயக் குற்றி எதுவானாலும் அந்தப் பெயரிலேயே கைமாறுகிறது. நாணயவியலிலோ ‘மின்ட் எரர்’ என்பது காசு அடிக்கப்படும் வரை நேர்ந்த பிழையை மட்டுமே குறிக்கும். அடித்து முடிந்த பின் வந்ததெல்லாம் ‘போஸ்ட் ஸ்ட்ரைக் டமேஜ்’ ஆகும். இவ்விரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் வழங்காததே குழப்பத்தைப் பெருக்குகிறது என்று நான் கருதுகிறேன்.

உரோம நகரில் யூனோ மொனேற்றா என்னும் தெய்வத்தின் கோயிலை ஒட்டிக் காசு அடிக்கப்பட்டதால், அத்தெய்வத்தின் பெயரே இலத்தீனில் காசுச்சாலைக்கும் காசுக்கும் ஆகிவந்து, ஆங்கிலத்தில் ‘மின்ட்’, ‘மணி’ என்னும் இரு சொற்களாயிற்று. தமிழில் ‘மின்ட்’ என்பதற்கு அக்கசாலை, தங்கசாலை, கம்பட்டம் ஆகிய சொற்கள் உள்ளன. அக்கசாலை பொற்கொல்லர் பட்டறையையும் குறிக்கும். தங்கசாலை சென்னையில் ஒரு தெருவின் பெயராக நிலைத்துவிட்டது. கம்பட்டமோ காசடித்தலையே சுட்டும் சொல். காசடிக்கும் இடம் கம்பட்டக்கூடம், அதற்குரிய அச்சு கம்பட்டமுளை; மலையாளத்தில் கம்மட்டம் இன்றும் வழக்கில் உள்ளது. ஆதலால் மின்ட் எரருக்குக் ‘கம்பட்டப் பிழை’ என்பதே பொருத்தமானது.

சிலர் ‘அச்சுப்பிழை’ என்கிறார்கள். அது நூலில் எழுத்து மாறுவதற்கு நிலைத்துவிட்ட சொல் என்பதோடு, பொருளையும் குறுக்கிவிடுகிறது. கம்பட்டப் பிழை மூன்று இடங்களில் தோன்றலாம்: உலோகத் தகட்டிலிருந்து வெட்டிய வெறும் வில்லையில், உருவம் செதுக்கிய அச்சில், அல்லது அச்சு வில்லைமேல் இறங்கும் அடியில். அவற்றை வில்லைப்பிழை, அச்சுப்பிழை, அடிப்பிழை எனப் பிரித்துச் சொன்னால் காசைப் பார்ப்பவரின் கண்ணும் சரியான இடத்துக்குப் போகும்.

பின்னர் நேர்வதற்குச் ‘சேதம்’ என்பதைவிட ‘ஊறு’ என்னும் சொல்லையே விரும்புகிறேன்; அடிக்குப் பின் வந்த ஊறு என்பதால் அது ‘பின்னூறு’. ஊறு என்றால் தொடுகை, தீங்கு என இரு பொருளும் உண்டு. அச்சை விட்டு நீங்கிய காசை வேறொன்று தொட்டதால் வந்த தீங்கைக் குறிக்க இதைவிடத் தகுந்த சொல் எனக்குத் தெரியவில்லை. ‘புழக்கச் சேதம்’ என்பதும் போதாது. கம்பட்டக்கூடத்திலேயே எண்ணும் பொறியில் சிக்கிக் கீறல் விழுந்தாலும், அடி விழுந்த பின் நேர்ந்ததாகையால் அது பின்னூறுதான்.

அச்சில் உருவம் குழிவாக இருப்பதால் காசில் அது மேடாக எழுகிறது. அச்சு வெடித்திருந்தால் உலோகம் அந்த வெடிப்பினுள்ளும் பாய்ந்து, காசின்மேல் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். ஆணியால் கீறிய கோடு பள்ளமாக இருக்கும்; விலகிய உலோகம் அதன் இரு கரைகளிலும் வரம்புபோல ஒதுங்கியிருக்கும். எனினும் பள்ளம் எல்லாம் ஊறல்ல: அச்சுக்கும் வில்லைக்கும் இடையே நூலோ கம்பியோ அகப்பட்டாலும் பள்ளம் விழும், அது அடிப்பிழை. வில்லையைத் தகட்டில் முன்பு வெட்டிய துளையின்மேல் வெட்டிவிட்டால் ஓரத்தில் பிறைபோல ஒரு குறை ஏற்படும்; அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் விளிம்பு மழுங்கியிருப்பது பெரும்பாலும் காணக்கூடிய அடையாளம். அரத்தால் தேய்த்த பிறைக்கு எதிரே விளிம்பு கூராகவே நிற்கும்.

என்னிடம் காட்டப்பட்ட ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியில் எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப் பதிந்திருந்தன. முந்திய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் அவ்வாறு பதிவது உண்மையில் நிகழ்வதே. ஆனால் அப்படி முழுதாகப் பதிந்த முகத்தில் அம்முகத்துக்குரிய உருவம் இராது. இதிலோ இடவலம் மாறிய எழுத்துக்களுக்கு அடியில் பழைய உருவம் நசுங்கிக் கிடந்தது, மறுமுகமும் தட்டையாகியிருந்தது. இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ‘வைஸ்’ என்னும் பிடிகருவியில் இறுக்கியிருக்கிறார்கள். அதைப் பிழைக் காசென்று பெரும் விலைக்கு விற்றவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

2005 முதல் வந்த ஐந்து ரூபாய்க் குற்றி, பித்தளை முலாம் பூசிய உருக்கு. முலாம் விடுபட்டதென்று வெள்ளை நிறக் குற்றிகள் விற்பனைக்கு வரும்போது மேற்பரப்பைப் பாருங்கள்: அமிலத்தில் இட்டதாயின் பளபளப்பு மங்கி, எழுத்தின் முனைகள் கரைந்து, நிறையும் சற்றுக் குறைந்திருக்கும். 2017இல் தொடங்கிய துருப்பிடிக்காத உருக்குக் குற்றி இயல்பாகவே வெண்மையானது என்பதால் ஆண்டையும் பார்க்க வேண்டும். வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தில் சிறுவர்கள் வைத்து நசுக்கும் காசுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தே நீண்டு இழுபட்டிருக்கும்.

ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பிலேயே அடிக்கப்பட்ட ஸ்டைவர் காசுகளுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. குறுக வெட்டிய கட்டைக்குக் குற்றி என்று பெயர். தடித்த செப்புத் துண்டுகளில், வில்லையைச் சுற்றிப் பிடிக்கும் வளையமின்றி அடித்த ஸ்டைவர் காசுகளுக்கு அப்பெயர் நன்றாகவே பொருந்துகிறது. அவற்றில் உருவம் ஒருபுறம் ஒதுங்கியிருப்பதும் எழுத்துப் பாதி விடுபடுவதும் அக்காலத்துக் கம்பட்டத்தின் இயல்பு. அதே காசைக் கழுத்தில் கட்ட யாரோ துளையிட்டிருந்தால், அந்தத் துளை பின்னூறு.