ஃபவுண்டர் எஃபெக்ட்: தமிழில் என்னவென்று சொல்வது?

அயல் மீன் ஒன்று புது ஏரியில் புகுந்து பெருகிய கதையை மரபியல் பக்கமிருந்து யார் எழுதினாலும் ‘ஃபவுண்டர் எஃபெக்ட்’ வந்துவிடும். தமிழில் பெரும்பாலும் ‘நிறுவனர் விளைவு’ என்று பெயர்த்துவிடுகிறோம். படித்ததும் கோட்டுப் போட்ட கம்பெனி முதலாளிதான் கண்முன் வந்து நிற்கிறார். சரக்குக் கப்பலின் அடித்தொட்டி நீரில் சிக்கி வந்த மீன் எதை நிறுவியது?

முதலில் பொருள். ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சில உயிர்கள் மட்டும் பிரிந்து போய் வேறிடத்தில் புதுக் கூட்டம் தொடங்குகின்றன. தாய்க்கூட்டத்தில் இருந்த மரபணு வகைகளில் ஒரு பங்குதான் அவற்றோடு போகும். எந்தப் பங்கு என்பதைத் தகுதி முடிவு செய்வதில்லை, தற்செயல்தான். பின்னால் இலட்சக்கணக்கில் பெருகினாலும், வழித்தோன்றல்கள் அந்த முதல் சிலவற்றின் சொத்தையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தாய்க்கூட்டத்தில் அரிதாக இருந்த பண்பு இங்கே சர்வசாதாரணம் ஆகலாம். அங்கே சாதாரணமாக இருந்தது இங்கே அடியோடு காணாமலும் போகலாம்.

இந்தக் கருத்தை 1942இல் பெயரிட்டு முன்வைத்தவர் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர். அவர் மீன்காரர் அல்ல, பறவைக்காரர். நியூகினியில் ஒரு மீன்கொத்தி இனம் பெருநிலம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க, பக்கத்துச் சிறு தீவுகளில் மட்டும் ஆளுக்கொரு தோற்றத்தில் இருந்தது. சில பறவைகள் மட்டும் தீவுக்குப் பறந்து போய்த் தொடங்கிய கூட்டங்கள் அவை என்று வாதிட்ட அவர், 1954இல் இதை இன்னும் விரித்து எழுதினார்.

‘ஃபவுண்டர்’ என்பதன் வேர் இலத்தீனில் ‘ஃபுந்துஸ்’. அடிப்பகுதி என்று பொருள். அடித்தளம் போடுகிறவர் ஃபவுண்டர். வேடிக்கை என்னவென்றால், கப்பல் மூழ்குவதைச் சொல்லும் ‘ஃபவுண்டர்’ என்ற ஆங்கில வினையும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதுவும் அடிக்குத்தானே போகிறது!

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு சொல் ‘பாட்டில்நெக்’. அங்கே யாரும் இடம் மாறுவதில்லை. இருந்த இடத்திலேயே நோயாலோ வறட்சியாலோ கூட்டம் சுருங்கி, மிஞ்சியவை மீண்டும் பெருகுகின்றன. ‘இடுக்கு விளைவு’ என்றால் போதும் என்பது என் எண்ணம். போத்தலையும் கழுத்தையும் இழுக்க வேண்டாம்.

சரி, மீனுக்கு வருவோம். மொசாம்பிக் திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1930களின் கடைசியில் ஜாவாவில் கிடைத்தவை ஐந்தே ஐந்து என்றும், ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பரவிய திலாப்பியாவில் பெரும்பகுதி அவற்றின் கால்வழி என்றும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஐந்து மீன் என்றால், மீனுக்கு இரண்டு வீதம், ஒவ்வொரு மரபணுவுக்கும் பத்துப் பிரதிகள். தாய்க்கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்று வீதம் இருந்த ஓர் அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) அந்தப் பத்தில் ஒன்றில்கூட இல்லாமல் போக ஏறத்தாழ 90 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றுமாக அல்லீல்களைப் பெற்றிருக்கும் நிலை இருக்கிறதே, அது ஒரு தலைமுறையில் 10 சதவீதம்தான் குறைகிறது. அதாவது அரிய வகைகள் முதல் அடியிலேயே தொலைகின்றன. பொதுவான வகைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கூட்டம் சட்டென்று பெருகிவிட்டால் இழப்பு அதோடு நின்றும் விடும். ஆஸ்திரேலியாவில் பரவிய கப்பி மீன்களில் மரபணுப் பன்மை குறைவு. ஆனால் செழிப்புக்குக் குறைவில்லை.

தலையை மட்டும் எண்ணினாலும் ஏமாந்துபோவோம். கொசுவை ஒழிக்க 1921இல் ஸ்பெயினுக்குக் கொண்டுபோன கம்பூசியாவில், ஒரு பெண் மீன் பல ஆண்களின் விந்தை உடலில் சேமித்து வைக்கும். சினையோடு வந்த ஒரே மீன் ஒரு சின்னக் கூட்டத்துக்குச் சமம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த உருண்டைக் கோபி 1990இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஆற்றில் தென்பட்டது. பத்தாண்டுக்குள் ஐந்து பேரேரிகளிலும் இருந்தது. கப்பல்கள் அடித்தொட்டியில் நிரப்பிக்கொள்ளும் சமநிலை நீரில் பெருங்கூட்டமாக வந்ததால் அதன் மரபணுப் பன்மை பெரிதாகக் குறையவில்லை. ‘அயல் மீன் என்றாலே மரபணு வறுமை’ என்று எழுதுகிறவர்கள் கோபியை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், தமிழ்ச்சொல். ‘முன்னோடி விளைவு’ என்று வைக்கலாமா என்று பார்த்தேன். வெற்று நிலத்தில் முதலில் முளைக்கும் செடிகளுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. ‘முதற்குடி’ என்றால் அந்த மண்ணின் பூர்வகுடி என்ற பொருள் வந்து முட்டுகிறது. வந்தேறி மீனுக்கு அது நேர் எதிர். எனக்குப் பிடித்தது ‘கால்கோள்’. ஒன்றுக்கு அடியிடுவது, தொடங்குவது என்ற பொருளில் தமிழில் பழகிய சொல். ‘கால்கொண்டது’ என்றால் ஊன்றி நிலைத்தது. செய்தவர் யார் என்ற கேள்வியே எழாமல் தொடக்கத்தை மட்டும் சொல்கிறது. நிறுவனரிடம் இல்லாத வசதி இதுதான். ‘ஃபுந்துஸ்’ அடி, இதுவும் அடி. மீனுக்கு ஏது கால் என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும்; கால்வழி என்கிறோம், அதற்கு யாரும் முழங்காலைத் தேடுவதில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘திலாப்பியாவில் கால்கோள் விளைவு அழுத்தமாகத் தெரிகிறது, கோபியில் மங்கல்.’ ‘கால்கொண்ட மீன்கள் ஐந்து.’ உறுத்தவில்லை.