பழைய ஹார்டு டிஸ்க் 5 மெகாபிட்னா இன்னைக்கு கணக்குல எவ்ளோ?

1980ல ஷுகார்ட் டெக்னாலஜி, அதாவது பின்னாடி சீகேட்னு பேர் மாத்திக்கிட்ட கம்பெனி, எஸ்டி-506னு ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டு வந்தாங்க. கொள்ளளவு வெறும் 5 மெகாபைட். அதோட இன்டர்ஃபேஸ், அதாவது டிஸ்க்கயும் கம்ப்யூட்டரயும் இணைக்கற முறை தான், அப்புறம் வந்த பிசி டிஸ்க்குகளுக்கும் அடிப்படை ஆச்சு, அதுல ட்ரான்ஸ்ஃபர் ஸ்பீடு செகண்டுக்கு 5 மெகாபிட். இத இன்னைக்கு கணக்குக்கு மாத்தச் சொன்னா எல்லாரும் 8ஆல வகுத்து 625 கிலோபைட்னு சொல்லிட்டு போயிடறாங்க. ஆனா அந்த டிஸ்க் அந்த ஸ்பீடுல ஒரு ஃபைலக்கூட குடுத்ததில்ல.

முதல்ல பேர் குழப்பத்த முடிச்சிடுவோம். இங்கிலீஷ்ல சின்ன பி போட்டா பிட், பெரிய பி போட்டா பைட். தமிழ்ல "எம்பி"னு எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடுது, எட்டு மடங்கு வித்தியாசம் அந்த ஒரு எழுத்துல காணாம போயிடுது. அதனால மெகாபிட், மெகாபைட்னு முழுசா எழுதிடறது தான் நல்லது.

இப்போ அந்த 5 மெகாபிட் எதோட அளவுன்னு பாக்கணும். டிஸ்க்குக்குள்ள இருக்கற தட்டு சுத்தும்போது, அத படிக்கற ஹெட்டுக்கு அடியில பிட்டுங்க ஓடற வேகம் அது, அவ்ளோதான். தட்டு நிமிஷத்துக்கு 3600 சுத்து, செகண்டுக்கு 60. 625,000 பைட்ட 60ஆல வகுத்தா ஒரு ட்ராக்குக்கு, அதாவது தட்டுல ஒரு வட்டத்துக்கு, சுமார் 10,416 பைட் இடம் இருக்கு. ஆனா பிசியில ஒரு ட்ராக்க 17 துண்டா பிரிச்சாங்க, அந்த துண்டுக்கு செக்டார்னு பேர், ஒவ்வொண்ணும் 512 பைட், மொத்தம் 8,704 தான் நம்ம டேட்டா. மிச்சம் எங்க போச்சுன்னா, இது எத்தனாவது செக்டார்னு சொல்ற அட்ரஸ், தப்பு இருக்கான்னு சரிபாக்கற கோடு, செக்டாருக்கு நடுவுல விடற இடைவெளி, இதுக்கெல்லாம் போச்சு. 8,704 பெருக்கல் 60, செகண்டுக்கு 522,240 பைட். 

இத 1000ஆல வகுத்தா 522, 1024ஆல வகுத்தா சரியா 510. ரெண்டுமே கிலோபைட்னு தான் எழுதினாங்க, ரெண்டும் அவங்கவங்க கணக்குப்படி சரி தான். 1998ல 1024க்கு கிபிபைட்னு தனிப் பேரே வெச்சாங்க, ஆனா பழைய பேப்பர்ல அதெல்லாம் இருக்காது, நாம தான் கண்டுபிடிக்கணும். 1.44 மெகாபைட் ஃபிளாப்பி இன்னும் மோசம், அதுல ஒரு மெகாபைட்ங்கறது 1000 பெருக்கல் 1024!

அடுத்தது இன்டர்லீவ், பல பேர் மறந்துடற விஷயம் இது. அந்தக் காலத்து கன்ட்ரோலர் (டிஸ்க்க இயக்கற சர்க்யூட்) ஒரு செக்டார படிச்சு மெமரிக்கு அனுப்பி முடிக்கறதுக்குள்ள அடுத்த செக்டார் ஹெட்ட தாண்டி ஓடிடும், அத பிடிக்க முழு சுத்து காத்திருக்கணும். அதனால அடுத்த நம்பர் செக்டார பக்கத்துலயே வைக்காம தள்ளித் தள்ளி வெச்சாங்க. 1983ல வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டில இது 6க்கு 1, அதாவது ஒரு ட்ராக்க முழுசா படிக்க தட்டு 6 தடவ சுத்தணும். 522,240ஐ 6ஆல வகுத்தா செகண்டுக்கு 87,040 பைட். முதல்ல சொன்ன 625 கிலோபைட் இப்போ 87ல வந்து நிக்குது! எக்ஸ்டியோட 10 மெகாபைட் டிஸ்க்ல 306 சிலிண்டர் (ஹெட் நிக்கற இடம்), ஒவ்வொரு இடத்துலயும் 4 ஹெட்டுக்கு ஒரு ட்ராக், மொத்தம் 1,224 ட்ராக். ட்ராக்குக்கு 6 சுத்துன்னா முழு டிஸ்க்கயும் படிக்க 122 செகண்டு, ஹெட் நகர்ற நேரத்த சேக்காமலே.

இன்னும் பின்னாடி போனா 8ங்கற நம்பரயே நம்ப முடியாது. 1956ல ஐபிஎம் ராமாக்ங்கற கம்ப்யூட்டர் கூட வந்த டிஸ்க்கோட ஸ்பீடு செகண்டுக்கு 8,800 எழுத்து. ஒரு எழுத்து 8 பிட் இல்ல, 6 பிட். அப்போ 52,800 பிட், நம்ம கணக்குல 6,600 பைட் தான்.

சரி, புதுசுலயாவது 8ஆல வகுக்கலாமான்னா அதுவும் இல்ல. இப்போ டிஸ்க்க இணைக்கற சாட்டா கேபிள்ல ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டா மாறித் தான் போகுது, ரிசீவர் சிக்னலோட தாளத்த விடாம இருக்கணும்ல. அதனால 1.5 கிகாபிட்னா 150 மெகாபைட், 6 கிகாபிட்னா 600, அதாவது 10ஆல வகுக்கணும். யூஎஸ்பி 3.0வும் இதே மாதிரி, 5 கிகாபிட்டுக்கு 500 மெகாபைட். அதுவும் கேபிளோட உச்சம் மட்டும் தான், சுத்தற தட்டுல இருந்து அவ்ளோ வராது, உள் ட்ராக்குக்குப் போகப் போக இன்னும் குறையும். சாட்டாவுக்கு முன்னாடி இருந்த பழைய ஐடிஇ டிஸ்க் மேல 100, 133னு போட்டிருந்ததும் கேபிளோட கணக்கு தான்.

புது எஸ்எஸ்டிகள இணைக்கற பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0ல 128 பிட்டுக்கு 2 பிட் தான் கூடுதல், அதனால அங்க 8 கிட்டத்தட்ட சரியா வரும். 4 லேன் (டேட்டா போற தனித்தனி பாதை) சேர்ந்தா செகண்டுக்கு சுமார் 3,938 மெகாபைட். அந்த லிங்க் முழு ஸ்பீடுல ஓடினா, 122 செகண்டு எடுத்த அந்த 10 மெகாபைட் டிஸ்க் மொத்தமும் 2.7 மில்லிசெகண்டுல போயிடும். அந்த நேரத்துல எக்ஸ்டியோட தட்டு ஒரு சுத்துல ஆறுல ஒரு பங்கு கூட சுத்தி முடிச்சிருக்காது.