பால்கனிச் சருகு ஏன் மட்க மறுக்கிறது?

மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், நான்கடி அகலமே உள்ள பால்கனியில், மூன்று மல்லிகைத் தொட்டிகளையும் ஒரு செம்பருத்தியையும் ஒரே காலையில் வெட்டி முடித்தபோது ஒரு சாக்கு நிறையப் பச்சைக் கழிவு சேர்ந்தது. சித்திரை, வைகாசியில் அதே இடத்தைப் பெருக்கினால் கிடைப்பதோ வெறும் சருகு. பச்சை ஒரு பருவத்திலும் காய்ந்தது வேறொரு பருவத்திலுமாக வருவதுதான் சிறிய தோட்டத்தின் கழிவுச் சிக்கலுக்கு வேர் என்பது என் கணிப்பு.

சருகை மட்டும் ஒரு தொட்டியில் நிரப்பி வைத்தால் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலும் சருகாகவே இருக்கும். சருகைத் தின்று மட்கவைக்கும் நுண்ணுயிரிகளின் உணவுக் கணக்கு இதை விளக்குகிறது. பாக்டீரியாவின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு கார்பன் உண்டு; ஆனால் அது உட்கொள்ளும் கார்பனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக வெளியே விட்டுவிடுவதால், உணவில் 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருந்தாலே அது தடையின்றிப் பெருகும். மரமும் செடியும் இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள நைட்ரஜனில் பாதியளவைத் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. பழுத்த இலை மஞ்சளாவது, பச்சையம் சிதைக்கப்பட்டு இலையிலிருந்த சத்து இவ்வாறு உள்ளே போவதன் அடையாளமே. எஞ்சி விழும் சருகில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் 60 பங்கு வரைகூட இருக்கும். பச்சைத் தளிரில் அது 15 பங்கு அளவே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிராம் சருகில் ஏறத்தாழ 40 கிராம் கார்பனும் 0.7 கிராம் நைட்ரஜனும் உள்ளன என்று கொள்வோம். நூறு கிராம் பச்சை இலையில் எண்பது கிராம் தண்ணீரே என்பதால், கார்பன் 9 கிராமும் நைட்ரஜன் 0.6 கிராமும்தான் தேறும். இரண்டையும் கலந்து முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தை எட்டவேண்டுமானால், எடையில் ஒரு பங்கு சருகுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு பச்சை தேவைப்படும். கண்ணளவில் பார்த்தால் கதை மாறிவிடும்; சருகு பஞ்சுபோல் இடத்தை அடைப்பதால், ஒரு கைப்பிடி பச்சைக்கு ஒன்று அல்லது இரண்டு கைப்பிடி சருகு என்று போட்டாலே போதும். ஆகவே கோடைச் சருகை வெளியே அனுப்பாமல், நனையாத மூலையில் ஒரு சாக்கில் கட்டிவைத்துக் கவாத்து நாள் வரை காத்திருப்பதே முதல் வேலை. இடையில் அவசரமென்றால் காய்கறித் தோலும் வடிகட்டிய காப்பித்தூளும் பச்சையின் இடத்தை நிரப்பும்.

வயல்வெளிக் குவியல் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்போது பால்கனித் தொட்டி ஏன் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது என்று பலர் கேட்பதுண்டு. ஒரு மீட்டர் பக்கமுள்ள கனச்சதுரக் குவியலில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 6 சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் தொட்டியிலோ அதே கணக்கு 20 சதுர மீட்டர். நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வெப்பம் மூன்று மடங்குக்கும் அதிகமான வாசல்கள் வழியே ஓடிவிடுகிறது. மட்குவதற்கு இது தடையன்று, காலம்தான் கூடுதலாகும். ஆனால் களை விதையும் நோய்க்கிருமியும் அந்த இளஞ்சூட்டில் சாகா. மாவுப்பூச்சி அடைந்த செம்பருத்திக் கிளையைத் தொட்டியில் போடுவது அடுத்த ஆண்டுக்கான மாவுப்பூச்சியைச் சேமித்து வைப்பதுதான். அதை மட்டும் பையில் இறுகக் கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிடலாம்.

எங்கள் முதல் முயற்சி கெட்டது சூட்டால் அல்ல, மழையால். மூடியில்லாத தொட்டியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியது. ஒரு வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். இடுக்குகளில் நீர் நிறைந்தால் காற்றை விரும்பும் உயிரிகள் திணற, காற்றில்லாமல் வாழ்பவை தலையெடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உமிழ்கின்றன. பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கசியும் ஈரமே சரியான ஈரம். நாற்றத்துக்கு மருந்து காய்ந்த சருகும் ஒரு முறை கிளறலும். மூக்கை அரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிகுதி என்று பொருள். அதற்கும் மருந்து சருகே.

இதையெல்லாம் செய்ய இடமே இல்லை என்போர் நறுக்கிய சருகை இரண்டு விரல்கடை கனத்துக்குத் தொட்டி மண்மேல் மூடாக்காகப் பரப்பலாம். மண்ணின் ஈரம் காயாது, அடியிலிருந்து மெல்ல மட்கவும் செய்யும். செடியின் தண்டை ஒட்டி மட்டும் போடக்கூடாது. யூரியா போன்றவற்றை அள்ளித் தெளிப்பவர் அடுத்த மாதக் கழிவையும் சேர்த்தே வளர்க்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிதாக மூட்டை வாங்குவது எனக்குப் புரியாத பழக்கம். வேர்களைச் சலித்தெடுத்து, மூன்றில் ஒரு பங்கு மட்கு கலந்தால் அதே மண் மீண்டும் வேலை செய்யும்.

வீட்டைவிட்டு வெளியேறும் சாக்கு குப்பைமேட்டின் அடியில் புதைந்தால், அங்கும் காற்றில்லாச் சிதைவுதான். அதில் வெளிப்படும் மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது அந்தப் புகையை நகரின் தென்பகுதி சுவாசித்தது.

நவம்பரில் நிரப்பிய எங்கள் தொட்டி, கார்பன் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டதால், மார்ச் மாதத்தில் கால்வாசிக்குச் சற்று மேலாகத்தான் இருந்தது. சலித்தபோது விரல் தடிமனுள்ள மல்லிகைக் குச்சிகள் மட்டும் சல்லடையில் நின்றன. அவற்றைக் கட்டையாக இறுக்கிவைக்கும் லிக்னின் என்ற பொருளைப் பூஞ்சைகளே மெதுவாகக் கரைக்கவேண்டும். அந்தக் குச்சிகளை வீசாமல், பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல், அடுத்த சுற்றின் அடியில் போட்டு வைத்திருக்கிறோம். மேலே வெண்மையாகப் பூஞ்சை இழைகள் ஏற்கெனவே படர்ந்திருக்கின்றன.