பென்டிரைவில் ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால்

பென்டிரைவைத் திறக்கிறீர்கள். போட்டு வைத்த ஃபோல்டர் ஒன்றையும் காணோம். டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஐகான், அதன் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி, அளவு ஒன்றிரண்டு கேபி. அதுதான் ஷார்ட்கட், வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி ஃபைல். டபுள் கிளிக் செய்தால் ஃபைல்கள் எல்லாம் வழக்கம்போல் வந்து நிற்கின்றன. வந்துவிட்டதே என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு கிளிக் போதும், தகவல் திருடும் நிரல் கம்ப்யூட்டரில் குடியேறிவிடும்.

பர்மாவில் இதற்கு வசதி அதிகம். நெட் துண்டிக்கப்படுவதும் கரண்ட் சில மணி நேரமே வருவதும் பழகிப்போன ஊர்களில் ஃபைல் கைமாறுவது பென்டிரைவில்தான். ரங்கூன் அனோரத்தா சாலைப் பக்கத்து அச்சுக் கடையானாலும் பெகு, மோல்மேன் கடையானாலும் ஒரே கம்ப்யூட்டரில் நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் செருகுகிறார்கள். கோயில் திருவிழா நோட்டீஸ், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறவரின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன.

‘எங்கள் கம்ப்யூட்டரில் நெட்டே இல்லை, என்ன திருடிவிட முடியும்?’ என்று பலர் கேட்கிறார்கள். பிளக்எக்ஸ் என்ற நிரல் 2008 முதல் அறியப்பட்டது. அதன் ஒரு வகையைப் பாலோ ஆல்டோ என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் விவரித்தார்கள். அது கம்ப்யூட்டரில் உள்ள பிடிஎஃப், வேர்டு ஃபைல்களைத் தேடி எடுத்து, செருகிய பென்டிரைவிலேயே ஒரு மறைவு ஃபோல்டரில் நகலெடுத்து வைக்கிறது. நெட் இல்லாத கம்ப்யூட்டரின் சரக்கு இப்படிப் பென்டிரைவில் ஏறி அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விடும். நெட் இல்லாததைப் பாதுகாப்பு என்று நம்பவே கூடாது.

உள்ளே நடப்பது இது. ஷார்ட்கட் முதலில் ஒரு நல்ல நிரலைத்தான் இயக்குகிறது. பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின், சில சமயம் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின், முறையான டிஜிட்டல் கையொப்பம் (தயாரித்தவர் யார் என்று காட்டும் முத்திரை) உள்ள நிரல் அது. எந்த நிரலும் தனக்குத் துணையான டிஎல்எல் ஃபைலைப் பெரும்பாலும் தான் இருக்கும் ஃபோல்டரிலேயே முதலில் தேடும். அங்கே அதே பெயரில் போலி டிஎல்எல் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அது பக்கத்தில் பூட்டிய நிலையில் உள்ள மூன்றாவது ஃபைலை எடுத்து, மெமரியிலேயே பிரித்து ஓடவிடுகிறது. திருட்டு நிரல் டிஸ்கில் புரியாத எழுத்துக் குவியலாகத்தான் இருக்கிறது என்பதால், பழைய ஆன்டிவைரஸ் பல நேரம் கோட்டைவிடுகிறது. சந்தேகம் வராமலிருக்க, நிரலே உங்கள் ஃபைல்கள் உள்ள ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடுகிறது.

மறைக்கும் தந்திரம் இன்னும் நுட்பமானது. யூனிகோடில் 160ஆம் எண்ணில் ஒரு இடைவெளி எழுத்து உண்டு. பார்வைக்கு வெற்றிடம், கம்ப்யூட்டருக்கோ ஒழுங்கான எழுத்து. அந்த ஒற்றை எழுத்தையே பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்கி, உங்கள் ஃபைல்களை அதற்குள் தள்ளி, ‘மறைவு’, ‘சிஸ்டம்’ ஆகிய இரு குறிகளையும் போட்டுவிடுகிறது. வேறு சில வகைகள் ரீசைக்கிள் பின் ஐகானோடு ஃபோல்டர் வைக்கும். விண்டோஸ் சாதாரண பென்டிரைவில் ரீசைக்கிள் பின் வைப்பதே இல்லை. கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள்.

ஃபைல் தொலைந்ததென்று பதறி பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். இருந்த ஃபைலும் போகும், நோயும் போகாது. நிரல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புது டிரைவ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஃபார்மட் செய்ததைச் செருகிய சில நொடிகளில் மறுபடி ஷார்ட்கட் வந்துவிடும். அதனால் முதலில் கம்ப்யூட்டர், பிறகுதான் பென்டிரைவ்.

வைஃபையையும் போன் ஹாட்ஸ்பாட்டையும் துண்டியுங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் தனி ஃபைலாகவும் தருகிறது. 100 எம்பிக்கு மேல் வரும். வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் இறக்கி, டிவிடியிலோ எதுவும் புதிதாக எழுதப்படாமல் தடுக்கும் பொத்தான் உள்ள பென்டிரைவிலோ கொண்டுவாருங்கள். சாதாரண பென்டிரைவில் கொண்டுவந்தால் அதுவும் தொற்றிக்கொள்ளும். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும், சுமார் 15 நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், லேப்டாப்பானால் சார்ஜ் நிரப்பிக்கொள்ளுங்கள். கூடவே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலையும் பாருங்கள். காசு கொடுக்காமல் விண்டோஸ் போட உதவும் ஆக்டிவேட்டர்கள் சில, ‘இந்த ஃபோல்டரைத் தேடாதே’ என்று அங்கே எழுதிவைத்துவிடுகின்றன. டிஃபெண்டர் அந்தப் பக்கமே போகாது.

ஸ்கேன் ‘ஒன்றுமில்லை’ என்றாலும் விடாதீர்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலையும் டாஸ்க் ஷெட்யூலரையும் திறந்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். இங்கே கையொப்பத்தை நம்பிப் பயனில்லை, ஓடுவதே கையொப்பமிட்ட நல்ல நிரல்தானே. இடத்தைப் பாருங்கள். நீங்கள் போடவே போடாத ஆன்டிவைரஸின் நிரல் ஒன்று புரோகிராம்டேட்டாவிலோ பப்ளிக் ஃபோல்டரிலோ இருந்து ஓடினால், அகப்பட்டுவிட்டது. அந்தப் பதிவையும் ஃபோல்டரையும் சேர்த்து நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பி வந்தால், விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுவதுதான் மேல்.

இனி பென்டிரைவ். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர் கிடைத்தால் வேலை சுலபம். விண்டோஸின் மறைவுக் குறிகளை லினக்ஸ் பொருட்படுத்தாது, எல்லாம் அப்படியே தெரியும். விண்டோஸ்தான் என்றால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை’ என்பதிலிருக்கும் டிக்கையும் எடுங்கள். இரண்டாவதை மறந்தால் எதுவும் தெரியாது. படம், ஆவணம், பாட்டு ஆகியவற்றை மட்டும் வெளியே நகலெடுங்கள். இயங்கும் நிரல், டிஎல்எல், ஷார்ட்கட் எதையும் தொடாதீர்கள். அதன்பின் ஃபார்மட் செய்யலாம். மறைவு ஃபோல்டரில் முன்பின் தெரியாதவர்களின் பாஸ்போர்ட், கடிதங்கள்கூட இருக்கக்கூடும். படிக்காமல் அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டை சுத்தமான போனிலிருந்து உடனே மாற்றலாம். இந்த வகை நிரல்களில் பல, கீபோர்டில் தட்டுவதையும் பதிவு செய்கின்றன. பிரவுசரில் சேமித்ததை அள்ளுபவையும் உண்டு. ஜிமெயில், ஃபேஸ்புக்கில் ‘எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். லாகின் ஆன நிலையைக் காட்டும் குக்கீ திருடு போயிருந்தால், பாஸ்வேர்டோ போனுக்கு வரும் குறியீடோ இல்லாமலே உள்ளே போக முடியும்.

2023 செப்டம்பரில் செக்கோயா என்ற பிரெஞ்சு நிறுவனம், பிளக்எக்ஸ் கட்டளை கேட்டு நெட்டில் தேடிப் போகும், கைவிடப்பட்ட கட்டுப்பாட்டு முகவரி ஒன்றைத் தன் வசமாக்கியது. ஆறு மாதத்தில் 170 நாடுகளுக்கு மேலிருந்து சுமார் 25 லட்சம் ஐபி முகவரிகள் (நெட்டில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்கள்) அதைத் தேடி வந்தன. ஏவியவர்கள் விட்டுப்போன பிறகும் பென்டிரைவ் வழியாக அது தானாகப் பரவிக்கொண்டிருந்தது.

அச்சுக் கடை நடத்துகிறவர்கள் நினைத்தால் தெருவுக்கே நல்லது. விண்டோஸ் ப்ரோ இருந்தால் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் கட்டுப்பாட்டு அமைப்பில் சிஸ்டம், அதனுள் ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்’ போய், ‘ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை எக்ஸிக்யூட் ஆக்சஸ்’ என்பதை இயக்குங்கள். அதன்பின் ஃபைலைத் திறக்கலாம், அச்சடிக்கலாம், ஆனால் பென்டிரைவில் உள்ள நிரல் அங்கிருந்து நேரடியாக ஓடாது. ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. அங்கே அச்சுக்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுவிடலாம், பிடிஎஃப் அச்சடிக்க அது தாராளம்.